டிரேசிங் கருவியைச் சோதிக்க எதை ஓட்டுவது?

லினக்ஸில் சிஸ்கால்களை (நிரல்கள் கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், வேலை கேட்கும் அழைப்புகளை) கவனிக்கும் டிரேசிங் கருவியை நீங்களே எழுதியிருந்தாலும், இன்னொருவர் எழுதியதை நிறுவியிருந்தாலும், கேள்வி ஒன்றுதான்: அது காட்டுவது முழு உண்மையா? பெரும்பாலும் கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையை ஓட்டிப் பார்ப்பார்கள். திரையில் வரிகள் ஓடும், வேலை செய்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். வராமல் போன வரி இந்தச் சோதனையில் யார் கண்ணிலும் படாது.

ஆகவே சிஸ்கால்களை உண்டாக்கித் தரும் வழிகளை இங்கே ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறோம்: ஓட்டுவதற்கு முன்பே சரியான விடை நம் கையில் இருக்கிறதா? விடை தெரியாத வினாத்தாளை வைத்துக்கொண்டு மதிப்பெண் போட முடியாது. வேகம், வகை, ஆபத்து எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கையில் ஏற்கெனவே இருப்பவை: டிடியும் பெர்ஃப் பெஞ்சும்

தரவை நகலெடுக்கும், எந்த லினக்ஸ் கணினியிலும் இருக்கும் டிடி கட்டளையை அற்பமாக நினைக்க வேண்டாம். உள்ளீடு ஜீரோ சாதனம் (பூஜ்யங்களைத் தந்துகொண்டே இருப்பது), வெளியீடு நல் சாதனம் (எழுதுவதையெல்லாம் விழுங்கிவிடுவது), தொகுதி அளவு 1 பைட், எண்ணிக்கை 500கே என்று ஓட்டினால், கே என்பது 1024 என்பதால், 5,12,000 ரீட் (படிக்கும் அழைப்பு), 5,12,000 ரைட் (எழுதும் அழைப்பு). விடை முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

ஆனால் உங்கள் கருவி 5,12,000ஐவிடச் சில ரீட்கள் கூடுதலாகக் காட்டும். அது கருவியின் பிழையல்ல. நிரல் தொடங்கும்போது, அதற்கு வேண்டிய நூலகங்களை ஏற்றும் டைனமிக் லோடர் ஒவ்வொரு நூலகக் கோப்பின் தலைப்பையும் படிக்கிறது. சிஸ்கால்களை வரிவரியாகக் காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியில் பார்த்தால் 832 பைட் ரீட் என்று கண்ணில் படும். முடிவில் எத்தனை பைட் நகலானது என்று டிடி சொல்லும் அறிக்கையும் ரைட்தான், ஆனால் அது 2ஆம் எண் விவரிப்பானுக்குப் போகிறது (விவரிப்பான் என்பது திறந்த கோப்பைக் குறிக்கக் கெர்னல் தரும் எண்). குனு டிடி உள்ளீட்டுக் கோப்பைத் திறந்து 0ஆம் எண்ணுக்கும், வெளியீட்டை 1ஆம் எண்ணுக்கும் மாற்றிக்கொள்வதால், 0இல் நடந்த ரீட்களையும் 1இல் நடந்த ரைட்களையும் மட்டும் வடிகட்டி எண்ணுங்கள். அப்போது ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பிழை கருவியில்தான். உபுண்டு 25.10 முதல் டிடி போன்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான குனு கோர்யூட்டில்ஸுக்குப் பதில் ரஸ்ட் மொழியில் எழுதியதுதான் இயல்பாக வருகிறது. அங்கே எந்த டிடி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

கருவி எவ்வளவு தாமதம் கூட்டுகிறது என்பதையும் இதே கட்டளை காட்டிவிடும். கணினிச் செயல்திறன் வல்லுநர் பிரெண்டன் கிரெக் வெளியிட்ட பிரபலமான அளவீட்டில் இதே டிடி தனியாக 0.104 விநாடியில் முடிந்தது. ஸ்ட்ரேஸின் கீழ் 45.9 விநாடி, அதாவது 442 மடங்கு. ஸ்ட்ரேஸ் பயன்படுத்தும் பிடிரேஸ் முறையில் ஒவ்வொரு சிஸ்காலுக்கும் உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை நிரல் நிறுத்தப்படுவதே காரணம்.

லினக்ஸின் செயல்திறன் அளக்கும் கருவியான பெர்ஃபில் இருக்கும் 'பெஞ்ச் சிஸ்கால் பேசிக்' இன்னும் சுத்தம். தாய்ச் செயல்முறையின் எண்ணைக் கேட்கும் கெட்பிபிஐடியை இயல்பாக 1 கோடி முறை அழைத்து, ஓர் அழைப்புக்கு எத்தனை மைக்ரோவிநாடி என்று சொல்லிவிடுகிறது. சுற்று எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளலாம். கெர்னலுக்குள் இந்தக் கால் செய்யும் வேலை சொற்பம் என்பதால், அளவில் தெரியும் கூடுதல் நேரம் ஏறக்குறைய முழுவதும் டிரேசிங்கின் செலவுதான். கருவியின் சுமையை மட்டும் அளக்க வேண்டும் என்றால் இதற்கு மேல் வேறெதையும் தேட வேண்டியதில்லை.

இரண்டுக்கும் குறை ஒன்றே. ஓரிரு சிஸ்கால்தான் வரும். அதுவும் எல்லாம் வெற்றிபெறும் அழைப்புகள், எளிய ஆர்க்யுமென்ட்கள் (அழைப்போடு கொடுக்கும் மதிப்புகள்), ஒரே திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை). உண்மையான பிழைகள் இருக்கும் இடம் வேறு.

நாமே எழுதும் சிறு சி நிரல்

நூறு வரிக்குள் எழுதிவிடலாம். பெரிய தொகுப்பு எதையும் தொடுவதற்கு முன் இதை எழுதிவிடுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை.

அமைப்பு இப்படி இருக்கட்டும். நிரல் தொடங்கியதும் ஒரு பைப்பில் ரீட் செய்து காத்திருக்கும். கருவி முழுதாக ஒட்டிக்கொண்ட பிறகு நாம் ஒரு பைட் அனுப்பினால்தான் நகரும். பிறகு தொடக்க அடையாளம்: திறக்கவே திறக்காத 7001 என்ற விவரிப்பானை க்ளோஸ் செய்யும். அது -9 ('அப்படி ஒரு விவரிப்பான் இல்லை') என்று தோற்கும், யாருக்கும் கேடில்லை, பதிவில் தனித்துத் தெரியும். முடிவில் 7002. இந்த இரண்டு அடையாளங்களுக்கு நடுவில் இருப்பதை மட்டுமே எண்ண வேண்டும். லோடரின் சத்தம் கணக்கில் வராது.

நடுவில் ஒவ்வொரு வகை அழைப்புக்கும் வெவ்வேறு பகா எண்ணாகச் சுற்று கொடுங்கள். கெட்பிபிஐடி 1009, இருக்கும் கோப்பைத் திறக்கும் ஓப்பன்அட் 2003, இல்லாத கோப்பைத் திறக்க முயலும் ஓப்பன்அட் 3001. எல்லாவற்றுக்கும் 1000 கொடுத்தால் கருவி இரண்டைக் குழப்பினாலும் மொத்தம் சரியாக வந்து உங்களை ஏமாற்றிவிடும். அடுத்து இதையே நான்கு திரெட்களில் ஓட்டிப் பாருங்கள். 4036 கெட்பிபிஐடி வர வேண்டும்.

சி நூலகத்தின் சாதாரண ஃபங்ஷன்களை நம்பாமல், எண்ணைக் கொடுத்து நேராக அழைக்கும் 'சிஸ்கால்' ஃபங்ஷனையே பயன்படுத்துங்கள். நூலகம் நடுவில் புகுந்து செய்யும் வேலைகள் பல. லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜி-லிப்சியின் பழைய பதிப்புகள், செயல்முறையின் எண்ணைத் தரும் கெட்பிஐடியின் விடையைச் சேமித்து வைத்திருந்தன. ஆயிரம் முறை அழைத்தால் கெர்னலுக்குப் போனது ஒரே ஒரு முறை. 2017இல் 2.25 பதிப்போடு அது நீங்கியது. அதே ஆண்டின் 2.26 முதல் ஓப்பன் என்று எழுதினால் உள்ளே போவது ஓப்பன்அட். சேய்ச் செயல்முறை உருவாக்க ஃபோர்க் என்று எழுதினால் க்ளோன். ஓப்பனை மட்டும் கண்காணிக்கும் ஸ்கிரிப்ட் ஒரு வரிகூடக் காட்டாமல் உட்கார்ந்திருப்பதற்கு இதுவே வழக்கமான காரணம். ஆர்ம் 64-பிட் செயலிகளில் ஓப்பன், ஃபோர்க் என்ற சிஸ்கால்களே கிடையாது.

நேரம் கேட்கும் க்ளாக்-கெட்டைம் அழைப்பை எண்ணிக்கைச் சோதனையில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது விடிஎஸ்ஓ (கெர்னல் ஒவ்வொரு நிரலின் நினைவகத்திலும் வைக்கும் சிறு நூலகம்) வழியாகக் கெர்னலுக்குள் போகாமலேயே முடிந்துவிடும். அதே பைனரியை க்ளாக்சோர்ஸ் (நேரத்தைப் படிக்கும் மூலம்) ஹெச்பெட் என்ற வன்பொருள் கடிகாரமாக ஆகிப்போன இன்னொரு கணினியில் ஓட்டினால் அத்தனையும் உண்மையான சிஸ்கால்களாக வந்து நிற்கும். ஒரு கணினியில் பூஜ்யம், இன்னொன்றில் ஆயிரம், இரண்டுமே சரி.

திரும்பி வரும் மதிப்பிலும் கண்ணி உண்டு. கெட்பிரையாரிட்டி அழைப்பில் நைஸ் மதிப்பு (செயல்முறையின் முன்னுரிமை எண்) 0 என்றால் கெர்னல் திருப்புவது 20. நூலகம் அதை 0 ஆக்கித் தருகிறது. நிரல் அச்சிட்டது 0, கருவி காட்டுவது 20. கருவிதான் சரி.

இனி, கருவியை உண்மையிலேயே உலுக்கும் சில சோதனைகள்.

முதலாவது, நினைவகத்தில் இன்னும் வந்து சேராத சரம். ஒரு கோப்பில் பாதைப் பெயரை எழுதி, அதை எம்மேப் செய்து (கோப்பை நினைவக முகவரியோடு இணைத்து), அந்தப் பக்கத்தைத் தொடாமலேயே அதன் முகவரியை ஓப்பன்அட்டுக்குக் கொடுங்கள். கெர்னல் பேஜ் ஃபால்ட் (பக்கம் நினைவகத்தில் இல்லை என்ற குறுக்கீடு) எடுத்துப் பக்கத்தைக் கொண்டுவந்து கோப்பைத் திறந்துவிடும். ஆனால் நுழைவிலேயே சரத்தைப் படிக்கும் ஈபிபிஎஃப் நிரலால் (கெர்னலுக்குள்ளேயே ஓடும் சிறு கண்காணிப்பு நிரல்) ஃபால்ட் எடுக்கக் காத்திருக்க முடியாது. படிப்பது தோற்று, பெயர் வெற்றுச் சரமாக விழும். இரண்டாம் முறை அதே முகவரியைக் கொடுத்தால் சரியாக வந்துவிடும், அதனால்தான் இந்தப் பிழை எளிதில் பிடிபடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக மேப் செய்து, அழைத்து, விடுவியுங்கள். நுழைவில் முகவரியை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு வெளியேறும்போது படித்தால் இது தீரும். ஆனால் அதற்குள் இன்னொரு திரெட் அந்தச் சரத்தை மாற்றிவிட நேரம் கிடைக்கிறது. 2021 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் ஃபால்கோ, டிரேசி என்ற பாதுகாப்புக் கருவிகளை இந்த இடைவெளியைக் கொண்டுதான் ஏமாற்றிக் காட்டினார்கள். இரு பக்கமும் அடிதான். எந்தப் பக்கம் என்று தெரிந்து தேர்வு செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஆர்க்யுமென்டின் மேல் 32 பிட்டில் குப்பை. விவரிப்பான் என்பது 32-பிட் முழு எண். 64-பிட் ரிஜிஸ்டரின் மேல் பாதியில் எதை நிரப்பினாலும் கெர்னல் அதை வெட்டிவிட்டு க்ளோஸைச் சரியாகவே செய்யும். டிரேஸ்பாயின்ட்டிலோ (டிரேசிங்குக்காகக் கெர்னலுக்குள் வைத்திருக்கும் கவனிப்பு இடம்) முழு 64 பிட்டும் வரும். அதை அப்படியே அச்சிடும் கருவி, இல்லாத ஒரு பிரம்மாண்ட எண்ணைக் காட்டும். அந்த எண்ணைக் கொண்டு கோப்புப் பெயரைத் தேடினால் எதுவும் கிடைக்காது.

மூன்றாவது, 32-பிட் பைனரி. அதே நிரலை 32-பிட்டாகத் தொகுத்து எக்ஸ்86 64-பிட் கெர்னலில் ஓட்டுங்கள். 32-பிட்டில் கெட்பிஐடியின் எண் 20. 64-பிட் அட்டவணையில் 20 என்பது ரைட்வி என்ற எழுதும் அழைப்பு. எண்ணை மட்டும் பார்க்கும் கருவி கெட்பிஐடியை ரைட்வி என்று அச்சிடும். கெர்னலிலேயே அமைந்த டிரேசரான எஃப்டிரேஸின் பெயர்வாரியான சிஸ்கால் டிரேஸ்பாயின்ட்களோ எக்ஸ்86இல் இந்த அழைப்புகளைக் கண்டுகொள்வதே இல்லை. எல்லா சிஸ்கால்களுக்கும் பொதுவான 'ரா' டிரேஸ்பாயின்ட் மட்டும் எழும்பும். பாதுகாப்புக் கருவி என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

நுழைவும் வெளியேற்றமும் ஜோடியாகத்தான் வரும் என்ற எண்ணத்தையும் இங்கேயே உடைத்துவிடலாம். நிரலை முடிக்கும் எக்ஸிட்-குரூப்புக்கு நுழைவு உண்டு, வெளியேற்றம் இல்லை. க்ளோனுக்கு நுழைவு ஒன்று. வெளியேற்றமோ தாயில் ஒன்று, சேயில் ஒன்று. வேறு நிரலை ஏற்றும் எக்ஸெக்வி வெற்றிபெற்றால் நுழையும்போது இருந்த நிரலின் பெயர் வேறு, வெளியேறும்போது இருக்கும் பெயர் வேறு.

ஸ்ட்ரேஸின் சோதனைத் தொகுப்பு: கவனிக்கப்படாத புதையல்

மேலே சொன்னவற்றில் பாதியை வேறொருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். ஸ்ட்ரேஸ் மூலக் குறியீட்டின் டெஸ்ட்ஸ் அடைவில் ஒவ்வொரு சிஸ்காலுக்கும் தனித்தனிச் சிறு சி நிரல்கள் உண்டு. அவற்றின் அழகு இதுதான்: நிரல் சிஸ்காலை அழைக்கும், கூடவே ஸ்ட்ரேஸ் எந்த வரியை அச்சிட வேண்டுமோ அதைத் தானே அச்சிடும். இரண்டையும் ஒப்பிட்டால் சோதனை முடிந்தது. விடைத்தாள் வினாத்தாளோடு ஒட்டியே வருகிறது.

கட்டமைப்புகளை நினைவகப் பக்கத்தின் கடைசி பைட்டோடு முடியுமாறு ஒதுக்கி, அடுத்த பக்கத்தை மேப் செய்யாமல் விடுவது அந்தத் தொகுப்பில் தொடர்ந்து வரும் உத்தி. ஒரு பைட் கூடுதலாகப் படிக்கும் டிகோடர் உடனே மாட்டிக்கொள்ளும். விவரிப்பான் குப்பை உத்தியும் அங்கே உண்டு. உங்கள் கருவியின் வெளியீட்டு வடிவம் ஸ்ட்ரேஸ் போல இருக்காது என்பதால், எதிர்பார்ப்பு வரியை உங்கள் வடிவத்துக்கு மாற்ற ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருக்கும். அந்த உழைப்பு வீண்போகாது. ஆர்க்யுமென்ட் டிகோடிங் சரியா என்று பார்க்க அடுத்து வரும் எல்டிபியைவிட இதுவே மேல்.

எல்டிபி: அகலம் உண்டு, கணக்கு இல்லை

லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட் (எல்டிபி) கெர்னலைச் சோதிக்க எழுதப்பட்டது. டிரேசரைச் சோதிக்க அல்ல. அதன் சிஸ்கால்ஸ் பட்டியலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகள் உள்ளன. வெற்றி மட்டுமல்ல, ஒவ்வொரு எர்ரர் எண்ணையும் வேண்டுமென்றே வரவழைக்கும் சோதனைகளும் இருப்பதால், கருவியின் அட்டவணையில் எந்த சிஸ்காலுக்குப் பெயரே இல்லை என்று கண்டுபிடிக்க அருமையானது. ஓட்டிவிட்டு, பெயரில்லாமல் வெறும் எண்ணாக வந்தவற்றை மட்டும் தேடுங்கள்; க்ளோன்3 (435), ஓப்பன்அட்2 (437) போன்ற புதியவை பழைய கருவிகளில் இப்படித்தான் வெளிப்படும்.

எண்ணிக்கைச் சோதனைக்கு இது உதவாது. எல்டிபியின் நூலகம் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சேய்ச் செயல்முறையைப் பெற்றெடுக்கும், டைம்அவுட்டுக்கு அலாரம் வைக்கும், தேவைப்படும் சோதனைக்குத் தற்காலிக அடைவு உருவாக்கி அழிக்கும். சோதிக்கப்படும் ஒரு அழைப்பைச் சுற்றிப் பல மடங்கு உபரி வரும். டிகான்ஃப் என்று முடிந்தவை அந்தக் கெர்னலிலோ அமைப்பிலோ ஓடாமல் தவிர்க்கப்பட்டவை. அவற்றை வெற்றியாகக் கணக்கில் சேர்த்தால் அகலம் பொய்யாகப் பெருகும். பல சோதனைகளுக்கு ரூட் உரிமை வேண்டும், சில கோப்பு முறைமைகளை மவுன்ட் செய்யும். விர்ச்சுவல் மெஷினில் மட்டும் ஓட்டுங்கள்.

ஸ்ட்ரெஸ்-என்ஜி: வெள்ளம் வேண்டும்போது

காலின் இயன் கிங் எழுதிய, கணினிக்குச் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜியை டிஸ்ட்ரோவின் பேக்கேஜாகவே நிறுவிக்கொள்ளலாம். அதன் 'சிஸ்கால்' ஸ்ட்ரெஸரை நான்கு வொர்க்கர்களோடு 30 விநாடி ஓட்டினால் பலவகை அழைப்புகள் கலந்து கொட்டும். 'எனோசிஸ்' இல்லாத சிஸ்கால் எண்களை அழைக்கும். 'சிஸ்பேட்அட்ரஸ்' தவறான முகவரிகளைக் கொடுக்கும். இந்த இரண்டும் கருவியின் நிதானத்தைச் சோதிக்க மிக நல்லவை. அட்டவணையின் எல்லையைச் சரிபார்க்காமல் எண்ணை அப்படியே இன்டெக்ஸாகப் பயன்படுத்தும் கருவி, எனோசிஸ் தொடங்கியதுமே விழுந்துவிடும்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, முடிவில் வரும் 'போகோ ஆப்ஸ்' எண்ணைச் சிஸ்கால் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வது. பெயரே சொல்கிறது, அது போலி அலகு. ஒரு போகோ ஆப்பில் பல சிஸ்கால்கள் இருக்கலாம், ஸ்ட்ரெஸருக்கு ஸ்ட்ரெஸர் மாறும்.

எனவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை வந்தது என்பதல்ல, எத்தனை தொலைந்தது, தொலைந்ததைக் கருவி ஒப்புக்கொண்டதா என்பது. ஒரு நிகழ்வுக்கு 64 பைட், விநாடிக்கு 50 லட்சம் நிகழ்வு என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 320 எம்பி. 8 எம்பி பஃபர் 25 மில்லிவிநாடியில் நிரம்பிவிடும். அதற்குள் வாசிக்கும் செயல்முறைக்கு சிபியு கிடைக்கவில்லை என்றால் நிகழ்வுகள் போயே போய்விடும். எஃப்டிரேஸின் இயல்பான பஃபர் ஒரு சிபியுவுக்கு 1408 கேபி மட்டுமே. ஒவ்வொரு சிபியுவுக்கும் உள்ள ஸ்டாட்ஸ் கோப்பில் 'ஓவர்ரன்' வரியைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஈபிபிஎஃப் மேல் இயங்கும் டிரேசிங் கருவியான பிபிஎஃப்டிரேஸில் ஒவ்வொரு நிகழ்வையும் அச்சிடுவதும், கெர்னலுக்குள்ளேயே மேப்பில் (சாவி-மதிப்பு அட்டவணையில்) எண்ணுவதும் வேறு வேறு. முன்னது வெள்ளத்தில் நிகழ்வுகளை இழந்து, இழந்ததைச் சொல்லும். பின்னது தாங்கும், ஆனால் மேப்பின் இயல்பான எல்லை 4096 சாவிகள். செயல்முறை எண்ணைச் சாவியாக வைத்துக்கொண்டு 'ஃபோர்க்' ஸ்ட்ரெஸரை ஓட்டினால் அந்த எல்லை சில நொடிகளில் முட்டும். அதே ஃபோர்க் ஸ்ட்ரெஸர் இன்னொன்றையும் வெளிக்கொண்டுவரும்: நிகழ்வு வந்த பிறகு, ஓடும் செயல்முறைகளின் விவரம் இருக்கும் ப்ராக் அடைவில் போய் நிரலின் விவரம் தேடும் கருவிகளுக்கு, தேடும்போது அந்தச் செயல்முறையே இருக்காது.

வெள்ளத்தின் நடுவில் மேலே சொன்ன சிறு நிரலை ஓட்டுவதுதான் இதில் நாங்கள் கண்ட சிறந்த கலவை. ஸ்ட்ரெஸ்-என்ஜி பின்னணியில் இரைச்சல் எழுப்பட்டும். 1009, 2003, 3001 அப்படியே வருகிறதா என்று பாருங்கள். இரைச்சலை எண்ண முடியாது, இதை எண்ண முடியும்.

இவென்ட்-ஜெனரேட்டரும் ஃபஸ்ஸர்களும்

ஃபால்கோ திட்டத்தின் இவென்ட்-ஜெனரேட்டர், சந்தேகத்துக்குரிய செயல்களைச் செய்து காட்டி விதிகள் எச்சரிக்கை எழுப்புகின்றனவா என்று பார்க்க எழுதப்பட்டது. விதிகளைச் சோதிக்க இதை விட்டால் வேறு எளிய வழி இல்லை. ஆனால் எச்சரிக்கை வரவில்லை என்றால் விதி தவறா, நிகழ்வே வரவில்லையா என்று இது சொல்லாது. கீழ்மட்டச் சோதனை முடிந்த பிறகே இங்கே வாருங்கள். முக்கியமான கோப்புகளைத் தொடும் செயல்கள் இருப்பதால் கன்டெய்னருக்குள் ஓட்டச் சொல்கிறார்கள்.

கன்டெய்னர் என்றதும் இன்னொரு கண்ணி. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் இயல்பான செக்காம்ப் வடிகட்டி (எந்த சிஸ்காலை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் கெர்னல் வசதி) பல சிஸ்கால்களை மறுக்கும். கெர்னலின் நுழைவுப் பாதையில் முதலில் பிடிரேஸ், பிறகு செக்காம்ப், கடைசியில்தான் சிஸ்-என்டர் டிரேஸ்பாயின்ட். செக்காம்ப் எர்ரர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டால் சிஸ்-என்டர் எழும்பாது. சிஸ்-எக்ஸிட் மட்டும் எழும்பும். நுழையாமலேயே வெளியேறிய அழைப்புகள் பதிவில் தெரிந்தால் கருவியைத் திட்டுவதற்கு முன் வடிகட்டியைப் பாருங்கள். ஸ்ட்ரேஸ் அதே அழைப்பை இருபுறமும் காட்டும்.

டேவ் ஜோன்ஸின் டிரினிட்டியும், கூகுளில் டிமிட்ரி வியூகோவ் தொடங்கிய சைஸ்காலரும் கெர்னல் பிழைகளைத் தேடும் ஃபஸ்ஸர்கள், அதாவது விதவிதமான அழைப்புகளைத் தானாக உருவாக்கி வீசிப் பார்க்கும் கருவிகள். டிரினிட்டி தற்செயலாக அடிக்கும். கருவி விழுமா என்று பார்க்கலாம், அதோடு சரி. சைஸ்காலரின் நிரல்கள் உரை வடிவில் இருப்பதால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மீண்டும் மீண்டும் ஓட்டலாம், சி நிரலாகவும் மாற்றிக்கொள்ளலாம். ஐஓ-யூரிங் (வேலைகளை வரிசையில் போட்டுக் கெர்னலிடம் ஒப்படைக்கும் வசதி) போன்ற சிக்கலான தொடர்களுக்கு அது கைகொடுக்கும். ஐஓ-யூரிங்கில் கோப்பைத் திறக்கும் வேலை ஓப்பன்அட் சிஸ்காலாக வெளியே தெரியவே தெரியாது. இந்த ஓட்டைக்காகவே ஒரு சோதனை தனியாக எழுதி வையுங்கள். ஃபஸ்ஸர் தானாகக் கண்டுபிடித்துத் தரும் என்று காத்திருக்க வேண்டாம்.

எதை, எப்போது

நீங்களே கருவி எழுதுகிறீர்கள் என்றால் சிறு சி நிரலை 64-பிட், 32-பிட் இரண்டாகவும் தொகுத்து ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட்டுங்கள், நிமிடத்துக்குள் முடியும். ஸ்ட்ரேஸ் தொகுப்பிலிருந்து எடுத்தவற்றை இரவில் ஓட்டலாம். எல்டிபியைப் புதிய கெர்னல் பதிப்புக்கு மாறும்போது ஒருமுறை ஓட்டினால் போதும்.

வாங்கிய கருவியை உற்பத்திச் சர்வரில் வைக்கப்போகிறீர்கள் என்றால் பெர்ஃப் பெஞ்சில் தொடங்குங்கள். கருவி இல்லாமல் மூன்று முறை, இருக்கும்போது மூன்று முறை. பிறகு ஸ்ட்ரெஸ்-என்ஜி இரைச்சலில் சிறு நிரல். விதிகள் உள்ள கருவி என்றால் கடைசியாக இவென்ட்-ஜெனரேட்டர்.

எந்த வழியாக இருந்தாலும் கருவி தன் வெளியீட்டைக் கோப்பில் எழுதுவதும் ரைட் சிஸ்கால்தான். தன் செயல்முறை எண்ணைத் தானே வடிகட்டாத கருவி, ஒரு வரி எழுதி, அந்த ரைட்டைப் பார்த்து, அதற்கு இன்னொரு வரி எழுதி என்று தன் வாலைத் தானே துரத்தும். ஒன்றுமே ஓட்டாமல் ஒரு நிமிடம் சும்மா விட்டு, பதிவுக் கோப்பு எவ்வளவு வளர்கிறது என்று பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடங்குங்கள்.